காவலர் தம் இடத்தை விட்டு அகலக் கூடாது

பணியாளர் கையேடு என்ற ஒன்றை நான் நான்கு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்றையும் யாரும் படித்ததில்லை. வேலைக்குச் சேரும் நாளில் வாங்குவார்கள், கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார்கள், அதோடு சரி. நான்காவதைப் படித்தார்கள். படித்ததை நம்பவும் செய்தார்கள். அப்படி நம்பிய ஒருவர் இறந்துபோனார்.

நூற்பாலைகளில் பணியாளர் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கொல்லிமலையில் மிளகு வாங்கிச் சுத்தம் செய்து மூட்டை கட்டி அனுப்பும் ஒரு கம்பெனியில் நிர்வாக அலுவலராகச் சேர்ந்தேன். திங்கட்கிழமை காலை நாமக்கல்லில் பஸ் ஏறுவேன், சனிக்கிழமை மாலை இறங்குவேன். முதலாளி சேலத்துக்காரர், என் மகன் வயது. மிளகை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள், வேலையாட்களுக்கு எழுத்தில் விதிகள் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறார்கள். "சார், ஒரு ஹேண்ட்புக் ரெடி பண்ணிருங்க. நீங்க போட்டதுன்னா கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பழைய நூற்பாலைக் கையேட்டை எடுத்து, ஸ்பிண்டில் என்று இருந்த இடத்தில் சல்லடை என்றும், பஞ்சு என்று இருந்த இடத்தில் மிளகு என்றும் மாற்றினேன். பெரும்பகுதி அவ்வளவுதான். ஆனால் அந்த முறை ஒன்றைப் புதிதாகச் செய்தேன். வெறும் விதியை எழுதினால் யார் மனதிலும் நிற்காது, ஒவ்வொரு விதிக்கும் அடியில் அங்கேயே நடந்த ஒரு சம்பவத்தை உதாரணமாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் வெகுநாளாக இருந்தது. ஆலை நிர்வாகங்கள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. இங்கே என்னைத் தடுக்க ஆளில்லை.

சம்பவம் கிடைப்பதும் கஷ்டமாக இல்லை.

எங்கள் கேட்டில் காவலுக்கு இருந்தவர் குண்டூர் நாட்டுக்காரர்; கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, நான்கைந்து மரத்தில் மிளகுக்கொடி. அது போதாமல் காவல் வேலைக்கு வந்தவர். ஒருநாள் மதியம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மாலை வரை வரவில்லை. அன்றைக்கென்று முதலாளி முன்னறிவிப்பில்லாமல் காரில் வந்தார். மழை. பூட்டிய கேட்டுக்கு வெளியே அவர் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றதை நான் ஆபீஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிப்போய், கையில் சாவி இல்லாமல் உள்பக்கம் நனைந்து நின்றேன்.

மறுநாள் மெமோ கொடுத்தேன். பதில் எழுதத் தெரியாது என்றதால் வாயால் சொல்லச் சொன்னேன். அவர் ஆபீஸ் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"பூக் கேக்கப் போனேனுங்க சார். மூத்த புள்ளைக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க."

மலைக்காரர்கள் வழக்கம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். கல்யாணம் பேசி முடிக்கும் முன்பு குலசாமி கோயிலில் சிலையின் இரு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வலது பக்கத்துப் பூ விழுந்தால் சாமி சம்மதம். இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்கிறது. எது விழுந்தாலும் எழுந்து வரலாம். விழாதவரை பெண்ணின் தகப்பன் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"விழுந்ததா?" என்றேன்.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "ரெண்டுமே உழுகலீங்க சார். பொழுது போயி பூசாரியே எந்திரிக்கச் சொல்லிட்டாரு. வெளிய சொல்லலீங்க. நீங்க கேட்டதால சொல்றேனுங்க."

வெளியே சொல்லவில்லை என்பதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, கையேட்டில் காவலர் பகுதியை அன்றே எழுதி முடித்தேன். "காவலர் தம் இடத்தை விட்டு அகலக் கூடாது. உதாரணம்: சாமியிடம் பூக் கேட்கச் சென்ற காவலர், பூ விழவில்லை என்பதற்காக மாலை வரை திரும்பாமல் இருந்தது கடும் ஒழுங்கீனம். பூ விழாவிட்டாலும் காவலர் பணிக்குத் திரும்ப வேண்டும்." பெயர் போடவில்லை. அதை ஒரு நாகரிகமாகவே நினைத்தேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் மிளகு காயும் களத்தில் எல்லாரையும் உட்கார வைத்து நானே வாசித்தேன். வேலை நேரம், விடுப்பு, தலைக்குத் துணி கட்டுவது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்கள். பலர் கண்ணை மூடியிருந்தார்கள். காவலர் பகுதி வந்தது. முதலில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். பிறகு களமே சிரித்தது.

"ஏனுங்க மாமா, பூ இன்னும் தோள்லயே குந்தியிருக்குதா?"

"கேட்டத் தொறக்கறதுக்கும் சாமிகிட்ட உத்தரவு வாங்கோணுமாட்ட இருக்குது!"

"சும்மா இரு புள்ள. அவரு உழுகறவரைக்கும் எந்திரிக்க மாட்டாரு."

அவரும் சிரித்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன் என்று இங்கே எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

என் எண்ணம் பலித்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். தேநீர் குடிக்கப் போனவனைக் கூப்பிட வேண்டும் என்றால், "பூ உழுந்துச்சா, வாரயா?" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய ஆலை நண்பர்கள் சிலர் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். படிக்கப்படும் கையேடு ஒன்றை நான் எழுதிவிட்டேன்.

சில வாரம் கழித்து காவலர் என் அறைக்கு வந்தார். அப்போதும் கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க சார், அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

"உன் பேரே போடலையேப்பா."

"பேரு எதுக்குங்க? பகல்ல இந்தக் கேட்டுக்கு நான் ஒரு ஆளுதானுங்களே வாட்சுமேன். பொஸ்தகம் ஊடு ஊடாப் போயிருக்குதுங்க. குண்டனி நாட்டுல இருந்து இன்னொரு எடம் வாரேன்னு சொன்னாங்க. வரலீங்க. அந்த ஊட்டுல சாமி வாயே தொறக்கலையாமான்னு பேசிக்கறாங்க. இடது பக்கம் உழுந்திருந்தாக்கூட அந்த மாப்பிள்ள வேண்டாமுன்னு போயிருக்கும். ரெண்டும் உழுகலேன்னா ஊட்டுலயே ஏதோ கொறைன்னுதானுங்க சொல்லுவாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பூவைப் பற்றி வெளியே பேசவே மாட்டார்கள். விழாவிட்டால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் மறுபடியும் போவார்கள். நான் மறைவாகக் கேட்டதை அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தேன்.

"அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன்" என்றேன். சொன்னபோது அதைச் செய்யும் எண்ணம் இருந்தது.

அதன்பின் கேட்டைத் திறந்து விடும்போதெல்லாம், "அடுத்த பொஸ்தகம் எப்பங்க சார்?" என்று கேட்பார். "போடுவோம், போடுவோம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவேன். விதி மாறினாலும் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க முதலாளி சம்மதிப்பதில்லை. மாறிய விதியை ஒரு துண்டுத் தாளில் அடித்து, உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி எல்லாருக்கும் கொடுப்போம். சிலர் ஒட்டினார்கள், சிலர் பையில் போட்டார்கள். ஒரு பக்கத்தின் மேல் வெற்றுத் தாளை ஒட்டச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் கேட்டது நடந்திருக்கும். இதைவிட எளிய வேலை அந்த ஆபீஸில் இருந்ததில்லை. அந்தப் பக்கத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. நான் எழுதியதில் வேலை செய்த ஒரே பக்கம் அது.

விலை ஏறட்டும் என்று முதலாளி அந்த வருடத்து மிளகை விற்காமல் கிடங்கில் வைத்திருந்தார். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி மூட்டைகளில் வண்டு விழுந்தது. சேலத்திலிருந்து வண்டு மருந்து வரவழைத்தோம். மாத்திரை வடிவில் இருக்கும் மருந்து. மூட்டைகளுக்கு நடுவே வைத்துத் தார்ப்பாயால் மூடி, கதவைச் சாத்திவிட்டால் அதிலிருந்து வாயு கிளம்பி வண்டைக் கொன்றுவிடும். மருந்து விற்றவர் போனில் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "கட்டடத்துப் பக்கமே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாதுங்க."

முதலாளியிடம் சொன்னேன். "அப்புறம் மிளக யாரு சார் பாத்துக்கறது? வாட்ச்மேன் வெளியதானே இருக்காரு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. துண்டுத் தாளில் ஒரு வரி அடித்தேன். "மருந்து வைத்திருக்கும் நாட்களில் கிடங்கினுள் எவரும் நுழையக் கூடாது." காவலர் பகுதியை அப்படியே விட்டேன்.

காவலர் அறைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் தகரக் கூரைவரை போய்ச் சேராது. மேலே ஒரு சாண் இடைவெளி உண்டு. காவலர் அறையில் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் எழுதும்போது பூனை அந்த வழியாகத் தாவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மருந்து வைத்துக் கிடங்குக் கதவுக்கு முத்திரை போட்டார்கள். நான் வழக்கம்போல் இறங்கிவிட்டேன். கேட்டில் அவர் சல்யூட் வைத்தார். அன்று புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மழை கனத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளிருக்கும் சாரலுக்கும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அறைக்குள் இருந்திருக்கிறார். மதியம் சோறு கொண்டுபோன மனைவிக்குக் கதவைத் திறந்ததும் கெட்டுப்போன பூண்டு மாதிரி நாற்றம் அடித்திருக்கிறது. அவர் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். தலை பிளக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து படுத்துக்கொள் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். வரவில்லை.

"கேட்ட உட்டுட்டு வந்தா மறுபடியும் பொஸ்தகத்துல ஏத்திருவாங்க. ஒருக்கா ஏத்துனதுக்கே புள்ள ஊட்டுல உக்காந்திருக்குது. சாயங்காலம் மாத்து ஆளு வந்ததும் வாரேன், நீ போ" என்றாராம்.

அவள் பக்கத்து வளவு வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தபோது அவர் வாசற்படியில் விழுந்து கிடந்தார். மலைமேல் கடைவீதி இருக்கும் செம்மேட்டில் வண்டி பிடித்து நாமக்கல்லுக்கு இறக்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளிலேயே உயிர் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை நான் மேலே போனதும் முதலாளி எனக்காகக் காத்திருந்தார். சேலத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"சார், விசாரணைக்கு வருவாங்க. அந்த ஹேண்ட்புக்ல என்ன இருக்கு?"

எடுத்து வாசித்துக் காட்டினேன். இடத்தை விட்டு அகலக் கூடாது. பூ விழாவிட்டாலும் திரும்ப வேண்டும். களத்தில் சிரிக்க வைத்த வாக்கியங்கள்தான். அந்த அறைக்குள் அவை எப்படி ஒலித்தன என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இத அவங்க பாத்தா நாமதான் அந்தாள அங்க உக்கார வெச்சோம்னு ஆயிடும் சார். மாத்திருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. அடுத்த பதிப்பு இரண்டே நாளில் அச்சாகி வந்தது. பூ உதாரணத்தை எடுத்தேன். காவலர் பகுதியில், "மருந்து வைத்திருக்கும் நாட்களில் காவலர் உட்பட எவரும் கிடங்கிலோ அதை ஒட்டிய அறைகளிலோ இருக்கக் கூடாது" என்று சேர்த்தேன். எத்தனை தெளிவான வாக்கியம். பழைய புத்தகங்களை வீடு வீடாக ஆள் விட்டு வாங்கி, மிளகு உலர்த்தும் அடுப்பில் போட்டோம். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த கடைசித் தாளை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அதைப் புதிய புத்தகத்தின் பின்னால் என் கையாலேயே பின் அடித்தேன்.

வேலையாட்களிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு வேலை வேண்டும். மனைவியிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். மகள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதை மனைவி என்னிடம் சொன்னது அப்போதுதான். என்மேல் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்க வந்த பெரிய மனிதரிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல்.

"அதிகாரி கேட்டால் இந்தப் புத்தகப் பேச்சை எடுக்காதே அம்மா" என்றேன்.

"ஏனுங்க?"

"புத்தகத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். பூ விழாதது, பெண் பேச்சு எல்லாம் சர்க்கார் காகிதத்தில் ஏறும். நாளைக்கு எந்த இடம் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார்கள். யோசித்துக்கொள்."

அவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சொல்லலீங்க" என்றாள். வாசல்வரை கூட வந்து, "நல்ல வேளைங்க, நீங்க வந்து சொன்னீங்க" என்றாள்.

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. முதலாளி கேட்டது புத்தகத்தை மாற்றத்தான். அந்தப் பெண்ணின் வாயை எதை வைத்து அடைக்கலாம் என்று நானே கண்டுபிடித்தேன். காவலர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னதைத்தான் இரண்டாம் முறையும் பயன்படுத்தினேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பனி இறங்குவதற்குள் மலையிறங்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். காவலருக்கு இந்த விதியை விளக்கிச் சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார். சொன்னேன் என்றேன். கையெழுத்தைப் பார்த்தார். குளிருக்காக விதியை மீறி உள்ளே போய்ப் படுத்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். மனைவியிடம், குடிப்பாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள்.

காவலர் சாவுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆனது. முதலாளி இரக்கப்பட்டு, இறந்தவரின் மனைவிக்குக் களத்தில் கூட்டுகிற வேலை கொடுத்தார். சேர்ந்த அன்று அவளுக்கும் கையேடு கொடுக்க வேண்டும். நான் எழுதிய விதிப்படி அது நிர்வாக அலுவலரின் கடமை. என் மேஜை முன்னால் நின்று வாங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அது இல்லைம்மா. எடுத்தாச்சு."

"எடுத்துட்டீங்களா?" அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் நேராகப் பார்த்தேன். "அவரு அதையேதானுங்க சொல்லிக்கிட்டு இருந்தாரு. சார் அடுத்த பொஸ்தகத்துல எடுத்துருவாருன்னு."

பிறகு காவலர் என்ற சொல்லைக் கண்டு அங்கே விரலை வைத்தாள். "இதென்னங்க, அவரு வேலையப் பத்தித்தானுங்களே? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். காவலர் உட்பட எவரும் இருக்கக் கூடாது என்பதுவரை வாசித்தேன்.

அவள் விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல் கேட்டாள். "இது அப்பவே இருந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கதவு சாத்தியிருந்தது. அறையில் வேறு ஆள் இல்லை.

"இருந்ததம்மா" என்றேன்.

"அப்ப பொஸ்தகமே போகச் சொல்லியிருக்குது" என்றாள் மெதுவாக. "இவருதான் கேக்காம உக்காந்திருக்காரு. நானும் அந்தப் பொஸ்தகத்தப் போயி இத்தன நாளா மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேனுங்க."

கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள்.

அதன்பிறகு நான் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. முதுகு வலி, பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி விலகினேன். மகளை மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் எங்கோ இரண்டாந்தாரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மனைவி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆபீஸில் இருக்கும் பெண் போன தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது சொன்னாள். நான் எழுதிய கையேட்டைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்களாம். இப்போது போனிலேயே எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்களாம். "காவலர் பகுதி ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றாள்.

அவர் உயிரோடு இருந்தபோது கையில் இருந்த விதிகள் இரண்டு. இடத்தை விட்டு அகலாதே என்பது ஒன்று, அகலவில்லை. கிடங்கினுள் நுழையாதே என்பது மற்றொன்று, நுழையவில்லை. கிடங்குக் கதவின் முத்திரை திங்கட்கிழமையும் உடையாமல் இருந்ததை நான்தான் பார்த்தேன். அவர் எந்த விதியையும் மீறவில்லை. இதை அவர் மனைவிக்கு இன்னும் நான் சொல்லவில்லை. கொல்லிமலை பஸ் நான் இருக்கும் தெரு முனையில்தான் நின்று போகிறது.